நிலாவெளிக் கரையில ஒதுங்கின வெள்ளைப் பெட்டி: புயலுக்குள்ள பலூன் விடுறது உண்மையா?

உப்புவெளிப் பொடியன் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, ஏ.எல். மெட்ஸ் படிக்கிறன். போன கிழமை நாலு நாள் அடிச்ச காத்துமழை ஓய்ஞ்ச பிறகு விடியக்காலமை சித்தப்பாவோட நிலாவெளிப் பக்கம் அவர்ட வாடியடிக்குப் போனனான். கரை முழுக்க சாதாழை, கட்டை, போத்தில், அறுந்த வலை எண்டு ஒதுங்கிக் கிடந்தது, அதுக்குள்ள ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, ரெஜிபோம் மாதிரி, உள்ளங்கையில வைச்சா விரல் நுனி மட்டும் வெளிய தெரியும் அந்த அளவுதான். ஒரு பக்கத்தால வெள்ளி நிறத்தில நாக்கு மாதிரி ஒரு தகடு வளைஞ்சு நீட்டிக்கொண்டு நிக்குது. அதில இருந்து மெல்லிசான நூல் போகுது போகுது போய்க்கொண்டே இருக்குது, மற்ற அந்தத்தில சிவப்புக் குடை மாதிரி ஒரு தாள், அதுக்கும் அங்கால கொத்துரொட்டிக்கு வெட்டின மாதிரி கிழிஞ்ச ரப்பர்.

சித்தப்பா தொடாத எண்டு கத்தினார். இஞ்ச அப்பிடித்தானே, தெரியாத பெட்டி எண்டா எங்கட பெரியாக்கள் பத்தடி தள்ளி நிண்டுதான் பாப்பாங்கள். பிறகு அவரே ஒரு தடியால பிரட்டிப் பாத்தார், உள்ள ரெண்டு பற்றரி, ஒரு சின்ன சேர்க்கிட், எழுத்தெல்லாம் உப்புத்தண்ணியில அழிஞ்சு போச்சு.

பௌதிகவியல் சேருக்குப் போட்டோ அனுப்பினன், அது வானிலை பலூன்ட பெட்டி, புயல் நேரத்தில மேல விட்டு டேட்டா எடுக்கிறது எண்டார். எனக்கு அதிலதான் குழப்பம். வீட்டுக் கூரைத் தகரத்தையே கழட்டுற காத்துக்குள்ள ஒரு ரப்பர் பலூன் எப்பிடி மேல போகும்? போனாலும் இடிமின்னலுக்க அந்தப் பெட்டி தப்புமா? இது எங்க இருந்து வந்திருக்கும், கொழும்பா இந்தியாவா? அடுத்த தவணை கண்காட்சி இருக்கு, நாங்களே ஒண்டு செய்து சித்திரை இடிமழைக்க விட்டா என்ன எண்டு ஒரு யோசினை, ஆரும் செய்து பாத்தனீங்களா?

---

பழைய தியோடலைற்று எழுதினது:

தம்பி, பயப்பிடாதையும். அது ரேடியோசோண்ட் எண்டு சொல்லுறது. வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம் மூண்டையும் அளந்து ரேடியோவில கீழ அனுப்பும், காத்தை ஜிபிஎஸ்ஸால கண்டுபிடிக்கும். நீர் பாத்த வெள்ளி நாக்கிலதான் சென்சர் இருக்குது. சிவப்புக் குடை பரசூட், பலூன் வெடிச்ச பிறகு பெட்டி ஆற்றையும் தலையில கல்லு மாதிரி விழாமல் இருக்க.

நான் 80களில அவதானிப்பு வேலையில இருந்தனான், எந்த ஊர் எண்டது இஞ்ச வேண்டாம். எங்களிட்ட இந்தப் பெட்டியெல்லாம் இல்ல, வெறும் பைலட் பலூன்தான். பெட்டி இல்லாத பலூன். அதை விட்டிட்டு தியோடலைற்றில (கோணம் அளக்கிற தூரதரிசனி) கண்ணை வைச்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு கோணம் வாசிக்கவேணும், ஒருத்தர் வாசிக்க மற்றவர் எழுதுவார். பலூன் இவ்வளவு வேகத்திலதான் ஏறும் எண்டு ஒரு கணக்கு முதலே இருக்குது, கோணத்தையும் அதையும் வைச்சு எந்த உயரத்தில காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு எடுப்பம். நீல வானத்துக்கு வெள்ளைப் பலூன், வெள்ளை முகிலுக்குச் சிவப்பு, கறுத்து மூடிக் கிடந்தா கறுப்பு. ராவையில கீழ ஒரு குட்டி பல்ப் கட்டி விடுவம், அது மேல போகப்போக வெள்ளியோட வெள்ளியா கலந்திடும், கண்ணை எடுத்தா போச்சு, பிறகு எது பல்ப் எது வெள்ளி எண்டு தெரியாது. ஒரு முறை கூட்டாளி பதினைஞ்சு நிமிசமா ஒரு நட்சத்திரத்தை வாசிச்சுக்கொண்டு நிண்டவர். காத்து சுத்தமா நிண்டிட்டுது எண்டு எழுதியும் போட்டார்.

புயல் எண்டு வந்தா இந்த முறையில ஒண்டும் ஏலாது. முகில் தாழக் கிடக்கும், மூண்டு நாலு நிமிசத்தில பலூன் உள்ள பூந்திடும், அதோட வாசிப்பு முடிஞ்சுது. இடிமுகிலுக்குக் கிட்ட விட்டாலும் கணக்கு பிழைக்கும், ஏனெண்டா நாங்கள் பலூன் ஒரே வேகத்தில ஏறுது எண்டு நம்பித்தானே கணக்குப் போடுறம், அங்க காத்தே செங்குத்தா மேல இழுக்குது. ஆகவே உம்மட சேர் சொன்னது சரி, புயலுக்க டேட்டா வேணுமெண்டா பெட்டி கட்டின பலூன்தான் வேணும்.

காத்து நேரத்தில விடுறதுதான் பெரிய கூத்து. பலூன் நிரப்புற அறையின்ட கதவு பெரிசு, திறந்த உடன காத்து உள்ள வந்து பலூனை நிலையோட சேத்து அமத்தும், நிலையில ஒரு ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தா அண்டைக்கு அந்தப் பலூனுக்குக் கதை முடிஞ்சுது. நான் கையில ஒண்டை வெடிக்க விட்டிருக்கிறன். வாயைச் சுத்தி ரப்பர் வாசம் ரெண்டு நாள் போகேல்ல.

---

வாடைக்காத்து எழுதினது:

ஐயா சொன்னதுக்கு மேல கொஞ்சம் சொல்லுறன், நான் வளிமண்டலவியல்தான் படிச்சனான், சொந்த இடம் சாம்பல்தீவு, இப்ப வெளியில.

தம்பியின்ட முதல் கேள்விக்கு வருவம். பலூன் காத்தை எதிர்த்து நிக்கிறேல்ல, அதுதான் விசயம். தகரம் பிடுங்கிறது அது ஆணியில மாட்டி நிக்கிறதால. பலூன் கையை விட்டுப் போன பிறகு காத்தோட காத்தாப் போகுது, 100 கிலோமீற்றர் வேகக் காத்திலயும் பலூனைப் பொறுத்தமட்டில அது சும்மா மிதக்குது. ஆத்து வெள்ளத்தில போற தேங்காய்க்கு ஆறு ஓடுறது தெரியுமோ, அப்பிடித்தான். ஆபத்தெல்லாம் முதல் அரை நிமிசத்தில. பெட்டி பலூனுக்குக் கீழ ஒரு 30 மீற்றர் நூலில தொங்கவேணும், இல்லாட்டி பலூன்ட சூடும் சுழியும் சென்சரைக் குழப்பும். ஆனா காத்துக்க 30 மீற்றர் நூலை நீட்டிக்கொண்டு விட்டா பெட்டி நிலத்தில அடிச்சு, வேலியில சிக்கி, மரத்தைச் சுத்தி முடிஞ்சிடும். அதனால நூலை ஒரு சின்ன உருளையில சுத்தி வைச்சு, மேல ஏறஏற தானா மெதுவா அவிழுற மாதிரி செய்திருக்கிறாங்கள். அமெரிக்காவில ஒக்லஹோமா, நோர்மன் எண்ட இடத்தில கடும் புயலுக்கெண்டே ஒரு ஆய்வுகூடம் இருக்குது, அவங்கள் வான் வண்டியில காஸ் சிலிண்டரை ஏத்திக்கொண்டு இடிமுகிலுக்குப் பின்னால ஓடி, பலூனை ஒரு நீட்டு பிளாஸ்டிக் குழாய்க்குள்ள வைச்சு நிரப்பி, காத்து படாமல் வைச்சிருந்து குழாயைக் கிழிச்சு விடுவாங்கள். பாக்க கொழுக்கட்டை இலையைப் பிரிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

ஏறினாப் பிறகு நிமிசத்துக்கு ஏறக்குறைய 300 மீற்றர். விடேக்க பலூன் ஒரு ஆள் உயரம், மேல அமுக்கம் குறையக்குறைய வீங்கி, 30 கிலோமீற்றர் தாண்டேக்க ஒரு சின்ன வீட்டளவு வந்து வெடிக்கும். எங்கட பக்கத்தில 16, 17 கிலோமீற்றரில குளிர் மைனஸ் 80 பாகை கிட்டப் போகும், பூமத்தியரேகைக்குக் கிட்ட இருக்கிறதாலதான் அந்த உயரம் எங்களுக்கு இவ்வளவு குளிர், ஐரோப்பாவில இப்பிடி இல்ல. அந்தக் குளிரில ரப்பர் விறைச்சு நேரத்தோட வெடிக்கும் எண்டு முந்தி ராவையில விடுற பலூனுகளை மண்ணெண்ணையில தோய்ச்சு எடுத்து விட்டவை.

இப்ப புயல். இடிமுகிலுக்க போன பலூன்ட டேட்டாவைப் பாத்தா சிரிப்பு வரும். எங்கட பக்கம் 5 கிலோமீற்றர் அளவிலதான் தண்ணி உறையிற உயரம். பலூன் அதைத் தாண்டினதும் மேல ஐஸ் படியும், பாரம் கூடும், ஏற ஏலாமல் கீழ வரும், கீழ வந்தா ஐஸ் உருகும், திரும்ப ஏறும், திரும்ப ஐஸ் பிடிக்கும். ஒரே உயரத்தில நாலஞ்சு தரம் கிணத்து வாளி மாதிரி ஏறி இறங்கின பதிவுகள் இருக்குது. ஈரப்பதன் சென்சர் முகிலுக்க நனைஞ்சா வெளிய வந்த பிறகும் நூறு வீதம் எண்டே அடம்பிடிக்கும், அதுக்காகத்தான் இப்ப வாற சோண்டுகளில சென்சரைச் சூடாக்கி உலர்த்துறாங்கள். இதெல்லாம் பிழையான டேட்டா எண்டு எறியிறதில்ல, பலூன் ஏறுற வேகம் திடீரெண்டு கூடினா அங்க மேல்நோக்கிக் காத்து இருக்குது எண்டு அர்த்தம், அதுவே ஒரு அளவுதானே.

மின்னலைப் பற்றிக் கேட்டீர். பெட்டிக்கு அடிச்சா முடிஞ்சுதுதான், ஆனா சனம் நினைக்கிற அளவுக்கு அடிக்கிறேல்ல, அது சின்னப் பொருள், நிலத்தோடயும் தொடுப்பில்ல. சொல்லப்போனா மின்னல் எப்பிடி வருதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சதில பெரிய பங்கு பலூனாலதான். மின்புலம் அளக்கிற கருவியைக் கட்டி இடிமுகிலுக்க விட்டுப் பாத்தவங்கள். அந்தப் பலூனுகள் திரும்பத்திரும்பக் காட்டினது என்னெண்டா, சாதாரண காய்ஞ்ச வளியில பொறி பாயிறதுக்கு மீற்றருக்கு 30 லட்சம் வோல்ற் வேணும், முகிலுக்க அளந்தா ஒண்டு ரெண்டு லட்சத்துக்கு மேல போறது அரிது. அப்ப மின்னல் எப்பிடித் தொடங்குது எண்டது இண்டைக்கும் சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிற கேள்வி. நிலத்தில நிண்டு அளந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னுமொண்டு. ரேடியோ வரமுதல், 1900 அளவில, பிரான்சில தெய்சரங் த போர் எண்டவர் இப்பிடி ஆளில்லாப் பலூனுகள் விட்டுத்தான் ஸ்ட்ரட்டோஸ்பியர் எண்ட வளிமண்டல மேற்படையைக் கண்டுபிடிச்சு 1902ல அறிவிச்சவர். அந்தக் காலத்துப் பெட்டி தானே தனக்குள்ள கோடு கீறி வைச்சிருக்கும், விழுந்த இடத்தில ஆரும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாத்தான் டேட்டா. அதுக்கெண்டு பெட்டியில கடிதம் ஒட்டி விடுவாங்கள். வயலுக்க பெட்டியைக் கண்டெடுத்த கமக்காரன் இல்லாட்டி அந்தக் கண்டுபிடிப்பே இல்ல. பிறகு 1929ல அதே பிரான்சில பியூரோ எண்டவர் ரேடியோ பூட்டின பெட்டியை விட்டார், அதோட கமக்காரனுக்கு வேலையில்லாமல் போச்சு. அந்தக் காலமா இருந்தா உங்கட சித்தப்பாவுக்குச் சன்மானம் கிடைச்சிருக்கும்.

---

திருக்கடலூரான் எழுதினது:

எல்லாம் சரி அண்ணைமார். நான் கடல்தொழிலுக்குப் போறவன், எனக்கு ஒரு கேள்வி. இப்பிடி 30 கிலோமீற்றருக்குப் பலூன் விட்டு அளக்கிறாங்கள் எண்டா 2020 டிசம்பர் 2ம் திகதி ராவு புரெவிப் புயல் எங்க ஏறுமெண்டு கடைசி வரைக்கும் ஏன் எங்களுக்குத் தெளிவாச் சொல்லேல்ல? எங்கட வள்ளமெல்லாம் இழுத்து ரோட்டில வைச்சிட்டு மூண்டு நாள் இருந்தனாங்கள், கடைசியில திருகோணமலைக்கு வடக்கால ஏறிப் போச்சு, எங்கட பக்கம் பெரிசா ஒண்டுமில்ல. சந்தோசம்தான். ஆனா அடுத்த முறை சொன்னா ஆர் கேக்கப்போறான்? 2025 கார்த்திகை டித்வாப் புயலுக்கு காத்தைத்தான் எல்லாரும் பாத்தனாங்கள், கடைசியில கொண்டு போனது வெள்ளம். என்ர ஐயா 64 சூறாவளியையும் 78 சூறாவளியையும் கண்டவர், அவர் வாடைக்காத்து திடீரெண்டு விழுந்து கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தா வீட்டுக்கு வா எண்டு மட்டும் சொல்லுவார். பலூனும் கிலோனும் இல்ல.

---

வாடைக்காத்து எழுதினது:

அண்ணை, உங்கட கேள்விதான் இந்தத் திரியிலயே முக்கியமான கேள்வி. நேராச் சொல்லுறன், புயலுக்க பலூன் விடுறது ஆராய்ச்சிக்கு. எங்க ஏறும் எண்டு சொல்லுறதுக்கு வேணுமான பலூன், புயல் வரமுதல், புயலைச் சுத்தி விடுற பலூன்.

சூறாவளி தானா ஓடுறதில்ல. அதைச் சுத்தி 3 கிலோமீற்றரில இருந்து 9 கிலோமீற்றர் வரைக்கும் இருக்கிற பெரிய காத்தோட்டம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகுது, வள்ளம் நீரோட்டத்தில போற மாதிரி. அந்த உயரத்துக் காத்து ரெண்டு பக்கமும் இழுத்துச் சமனா நிண்டா புயல் கரைக்குக் கிட்ட வந்து தடுமாறும், எங்கயும் போகும். அந்தக் காத்தை நேராத் தொட்டு அளக்கிறது முக்கியமாப் பலூன்தான். உலகம் முழுக்க ஒரு 800, 900 நிலையங்கள் இருக்குது, எல்லாரும் ஒரே நேரத்தில விடவேணும் எண்டது ஒழுங்கு, கிறீன்விச் நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும், எங்களுக்கு அது விடிய அஞ்சரையும் பின்னேரம் அஞ்சரையும். உண்மையில முக்கால் மணித்தியாலம் முந்தியே விட்டிடுவாங்கள், அப்பத்தான் அஞ்சரைக்குள்ள முக்கியமான உயரமெல்லாம் முடியும். அமெரிக்காவில ஹரிக்கேன் வருதெண்டா நடுவில இன்னும் ரெண்டு தரம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒண்டு எண்டு கூட்டி விடுவாங்கள்.

இப்ப உலகப் படத்தில எங்கட பக்கத்தைப் பாருங்கோ. சென்னை இருக்குது, காரைக்கால் இருக்குது, திருவனந்தபுரம் இருக்குது, இஞ்சால கொழும்பு. புயல் பிறக்கிறது எங்க? எங்களுக்குக் கிழக்கால, வங்காள விரிகுடாவில. அங்க நிலமில்ல, பலூன் விட ஆளில்ல. அந்தமானில இருக்குது, அதுக்கும் திருகோணமலைக்கும் இடையில ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல வெறும் கடல். அத்திலாந்திக் பக்கம் இந்த ஓட்டையை விமானத்தால அடைக்கிறாங்கள், நாலு எஞ்சின் விமானம் புயலின்ட கண்ணுக்குள்ளயே போய், அதே மாதிரிப் பெட்டியைப் பலூனில்லாமல் பரசூட்டோட மேலயிருந்து கீழ போடும், ட்ரொப்சோண்ட் எண்டு பேர், கடலைத் தொடுமட்டும் ஒவ்வொரு கணமும் சொல்லிக்கொண்டு வரும். தாய்வானும் 2003ல இருந்து தன்ட பக்கப் புயலுக்கு விமானம் விடுது. வங்காள விரிகுடாவுக்கு அப்பிடி ஒழுங்கா ஓடுற விமானம் இல்ல. சற்றலைட்தான் முக்கால்வாசி. சற்றலைட் முகிலின்ட தலையை வடிவாப் பாக்கும், முகிலுக்குக் கீழ நடக்கிற காத்தைப் பலூன் மாதிரித் தொட்டு அளக்காது.

புரெவி பற்றி நீங்கள் கேட்டதுக்கு இதுக்கு மேல நான் ஆரையும் சாட்டவும் இல்ல, வக்காலத்து வாங்கவும் இல்ல. ஏறேக்க காத்து மணிக்கு 80, 90 கிலோமீற்றர், சூறாவளிக் கணக்கில அது கீழ்ப்படி, அப்பிடிப்பட்ட பலவீனமான புயலின்ட நடுவைப் பிடிக்கிறதே கஷ்டம். மற்றது உங்கட ஐயா சொன்னது பகிடி இல்ல, வாடை விழுறது எண்டா கரையோரக் காத்தோட்டத்தை வேற என்னமோ குழப்புது எண்டுதானே அர்த்தம். அவர் ஒரு உயரத்தில மட்டும் அளக்கிறார், கடல்மட்டத்தில.

---

திருக்கடலூரான் எழுதினது:

விளங்குது. அப்ப திருகோணமலையில ஒண்டு விட்டா என்ன? கிழக்குக் கரையில முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற இடம் நாங்கள்தானே.

---

வாடைக்காத்து எழுதினது:

அண்ணை அதைத்தான் நானும் கனகாலமாச் சொல்லித் திரியிறன். பெட்டி ஒண்டே நூறு டொலருக்கு மேல, ஒருக்கா விட்டாப் போனதுதான், நாளுக்கு ரெண்டு எண்டா வருசத்துக்கு 730, அதுக்கு மேல காஸ், பலூன், ஆள். எங்கட நாட்டுக்கு அது சின்னக் காசில்ல. ஆனா மாரி மூண்டு மாசம் மட்டும், அதுவும் கிழக்கால தாழமுக்கம் பிறந்திட்டுது எண்ட பிறகு மட்டும் விட்டாலே பெரிய வித்தியாசம் வரும் எண்டதுதான் என்ர எண்ணம். ரப்பர் எங்கட நாட்டில 1876ல இருந்து நிக்குது, பலூன் மட்டும் வெளியில இருந்து வருது, அது வேற கதை.

---

நானூற்றிமூண்டு எழுதினது:

ஹலோ, நான் ரேடியோ விசரன், உவர்மலை. தம்பியின்ட பெட்டி எங்க இருந்து வந்தது எண்டதுக்கு என்ர ஊகம் காரைக்கால், இல்லாட்டி சென்னை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்க பாத்து ஓடும், எங்கட கிழக்குக் கரையாலயும் அதே ஓட்டம்தான் இறங்கும். காரைக்கால் இஞ்ச இருந்து 300 கிலோமீற்றர் கிட்ட. பலூன் கடலுக்கு மேல வெடிச்சு பெட்டி விழுந்திருக்கும், ரெஜிபோம்தானே, தாழாது, மிதந்து மிதந்து வந்திருக்கும். கொழும்பில விட்டதுக்கு இஞ்ச நிலாவெளிக் கடல் பக்கத்தால வாறது கொஞ்சம் சுத்துவழி.

கண்காட்சிக்கு ஒரு யோசினை சொல்லுறன், பலூன் விடவேண்டாம், மற்றவன் விட்ட பலூனைக் கேளுங்கோ. இந்தப் பெட்டியள் 400க்கும் 406க்கும் இடையில மெகாஹேர்ட்சில கத்திக்கொண்டு போகும். கொம்பியூட்டரில குத்தி ரேடியோ கேக்கிற ஒரு ஆர்ரிஎல் எஸ்டிஆர் டொங்கிள், சும்மா இலவச சொப்ட்வெயார், ஒரு பக்கத்தைப் பாத்துப் பிடிக்கிற ஒரு யாகி அன்டனா, அவ்வளவுதான். அன்டனாவை நான் வீட்டு மூலையில கிடந்த பழைய ரீவி அன்டனாவின்ட அலுமினியக் கம்பியை வெட்டிச் செய்தனான், நடுக்கம்பி 37 சென்ரிமீற்றர் அளவு வரவேணும், மற்றதெல்லாம் அதைச் சுத்திக் கொஞ்சம் கூடக்குறைய. பெட்டி 30 கிலோமீற்றர் உயரத்தில நிக்கேக்க 600 கிலோமீற்றருக்கு மேல தூரத்துக்கு நேர்கோட்டில தெரியும், பூமியின்ட வளைவுக் கணக்கை ஏ.எல். பிள்ளை தானே போட்டுப் பாக்கலாம். காதுக்கு அது சில்வண்டு கத்துற மாதிரிக் கேக்கும். ஒவ்வொரு செக்கனும் இடம், உயரம், குளிர் எல்லாம் திரையில விழும். மழைக்கால பின்னேரங்களில பாத்தா பலூன் முகிலுக்க தடுமாறுறதும் தெரியும், வாடைக்காத்து சொன்ன கிணத்து வாளிக் கதையை ஒருக்கா நான் கண்ணாலயே பாத்தனான், 5 கிலோமீற்றரில ஏறி இறங்கி ஏறி இறங்கி கடைசியில என்னமோ நினைச்சுக்கொண்டு விர்ரெண்டு மேல போச்சு.

---

கடலாமை அக்கா எழுதினது:

ஒருத்தரும் சொல்லாததை நான் சொல்லுறன். வெடிச்ச ரப்பரும் நூலும் பரசூட்டும் எங்க போகுது? கடலுக்க. உந்தக் கிழிஞ்ச ரப்பர் தண்ணியில மிதக்கேக்க சொறி (ஜெலிமீன்) மாதிரித்தான் இருக்கும், ஆமை விழுங்கும். லேடெக்ஸ் உக்கும் எண்டுவாங்கள், உக்கும்தான், ஆனா கடல்தண்ணியில அதுக்குக் கனமாசம் செல்லும். புயலைத் தெரியாமல் சனம் சாகிறதை விட இது பரவாயில்ல எண்டு எனக்கும் தெரியும், அரசாங்கம் விடுறதை நான் நிப்பாட்டச் சொல்லேல்ல. ஆனா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக் கண்காட்சிக்கு விடத் தொடங்கினா நான் வந்து வாசல்ல நிப்பன். தம்பி அந்த நூலைக் கரையில விட்டிட்டு வரேல்லத்தானே?

---

உப்புவெளிப் பொடியன் எழுதினது:

இல்லை அக்கா, நூல் முழுக்கச் சுத்திக்கொண்டு வந்தனான், முப்பது மீற்றர் இல்ல, அறுந்தது போக இருபத்திநாலு இருந்தது. பரசூட்டை முத்தத்தில காயப் போட்டிருந்தன், விடிய எழும்பிப் பாத்தா ரோட்டால வந்த மான் ஒண்டு விளிம்பைக் கொறிச்சுக்கொண்டு நிக்குது. திருகோணமலை மானுக்கு எதுவும் சாப்பாடுதான். பறிச்செடுத்து உள்ள வைச்சிட்டன்.

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரே ஒரு கேள்வி, சின்னதா ஒண்டு, பிறந்தநாள் பலூன் நாலைஞ்சு சேத்துக் கட்டி ஒரு தேர்மோமீற்றர் விடுறதுக்கும் ஆரிட்டயும் கேக்கவேணுமா? கூட்டாளி ஒருத்தன் கோஸ்ரிக் சோடாவும் அலுமினியமும் போட்டு காஸ் எடுக்கலாம், திருவிழாவில அப்பிடித்தான் செய்யிறாங்கள் எண்டுறான்.

---

பழைய தியோடலைற்று எழுதினது:

தம்பி உம்மட கூட்டாளியின்ட காதைத் திருகும். அது ஐதரசன். எங்கட காலத்தில நாங்களே கோஸ்ரிக் சோடாவும் பெரோசிலிக்கனும் போட்டு இரும்புச் சிலிண்டருக்க எடுத்தனாங்கள், சிலிண்டர் கைவைக்க ஏலாத அளவுக்குச் சூடாகும், ஈரச்சாக்குப் போட்டுப் போட்டு நிப்பம். அறைக்குள்ள நைலோன் சேர்ட் போடக்கூடாது, சப்பாத்தில ஆணி இருக்கக்கூடாது, ஒரு பொறி போதும். அவ்வளவு கவனத்திலயும் ஒரு நாள் வாசல்ல ஒரு பலூன் நெருப்பாப் போச்சு, சத்தம் கூட இல்ல, ஒரு புஸ்ஸெண்டு வெளிச்சம், பக்கத்தில நிண்டவர்ட புருவம் ரெண்டும் இல்ல. சிரிச்சம், ஆனா கை நடுங்கிச்சுது. போத்திலுக்க செய்யிறதெண்டா கண் போயிடும்.

ஹீலியம் எண்டாலும் இஞ்ச சும்மா விட ஏலாது. சீனன்குடாவில விமானத்தளம் இருக்குது, பெட்டி கட்டிப் பலூன் விடுறதெண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிட்டக் கேக்கவேணும், உள்ள ரேடியோ வைச்சா தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிட்ட வேற. நானூற்றிமூண்டு சொன்னதைச் செய்யும், கேக்கிறதுதான் உமக்கு நல்லது. வேணுமெண்டா ஒரு நாள் வாரும், தியோடலைற்று எப்பிடிப் பிடிக்கிறது எண்டு காட்டுறன், முக்காலி மட்டும்தான் என்னட்ட மிச்சம், அதுவும் மனுசி பூச்சாடி வைச்சிருக்கிறா.

---

உப்புவெளிப் பொடியன் எழுதினது:

ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன், குறை நினைக்காதைங்கோ, தவணைச் சோதினை.

நானூற்றிமூண்டு அண்ணை டொங்கிளை இரவல் தந்தவர், அன்டனாவும் அவர் சொன்ன மாதிரி வெட்டிச் செய்தம், தும்புத்தடியில கட்டி மொட்டைமாடியில சித்தப்பா பிடிச்சுக்கொண்டு நிண்டார். முதல் மூண்டு நாளும் ஒண்டுமில்ல, இரைச்சல்தான். நாலாம் நாள் பின்னேரம் வடமேல் பக்கம் கறுத்து மின்னிக்கொண்டு கிடந்தது, அஞ்சே கால் இருக்கும், திரையில ஒரு கோடு மெல்லிசா விழுந்துது, பிறகு சில்வண்டுச் சத்தம். சொப்ட்வெயார் பிடிக்கேக்க உயரம் 9 கிலோமீற்றர் தாண்டியிட்டுது, இடம் காரைக்காலுக்குக் கிழக்கால கடலுக்கு மேல. சித்தப்பாவுக்குக் கை நோக நோக அன்டனாவை அசைக்காமல் பிடிச்சிருந்தார், அசைச்சா சத்தம் போயிடும். அஞ்சே முக்கால் அளவில மைனஸ் 79 எண்டு வந்தது, அதை அவர் நம்பேல்ல, திருப்பி வாசி எண்டார். 27 கிலோமீற்றரில ஏறுறது நிண்டு இலக்கம் கடகடவெண்டு குறையத் தொடங்கிச்சுது, வெடிச்சிட்டுது. பிறகு கொஞ்ச நேரத்தில கடல்விளிம்புக்குக் கீழ போய்ச் சத்தமும் இல்ல.

காத்துத் திசையளை ஒரு கொப்பியில உயரம் உயரமா எழுதினன், நாங்கள் பிடிச்சதில கீழ் உயரத்தில வடகிழக்கு, மேல போகப்போக மாறிக்கொண்டு போகுது. சித்தப்பா கொப்பியை வாங்கிக் கனநேரம் பாத்திட்டு, முதல் வரியை மட்டும் விரலால காட்டி, நாளைக்கு வலை போடலாமோ எண்டு கேட்டார். வாடைக்காத்து அண்ணை, கொப்பியின்ட போட்டோ கீழ போட்டிருக்கிறன், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, அவர் நாலு மணிக்கு வெளிக்கிட்டிடுவார்.